கைக்கு வந்துவிட்ட பச்சோந்தி

முதலில் அதன் காலைப் பாருங்கள். பினாங்கில் பச்சோந்தி என்று அட்டைப்பெட்டியில் போட்டுக் கொண்டுவரும் பிராணி பச்சோந்தியாகத்தான் இருக்கும் என்று சொல்ல முடியாது. பச்சையாக இருந்து சட்டென்று பழுப்பாகும், நீண்ட வாலுடைய மர ஓணான் ஒன்று இங்கே உண்டு. வேலியோரம் தலையாட்டும் சாதாரண ஓணானும் உண்டு. மலாயில் இரண்டுக்குமே 'சும்பா-சும்பா' என்றுதான் பெயர். நாமும் பச்சோந்தி என்று சொல்லிவிடுகிறோம். ஓணானுக்கு ஐந்து விரலும் தனித்தனியாக நீண்டிருக்கும். பச்சோந்திக்கு விரல்கள் இரண்டும் மூன்றுமாக ஒட்டியிருக்கும், இடுக்கிபோலக் கிளையைப் பற்றும். கண் கூம்பாகப் புடைத்து, ஒன்று முன்னே பார்க்கும்போது மற்றது பின்னே பார்க்கும். வந்தது ஓணான் என்றால், காயம் எதுவும் இல்லாவிட்டால், பிடித்த இடத்துக்குப் பக்கத்து மரத்திலேயே விட்டுவிடுங்கள்.

உண்மையான பச்சோந்தி என்றால் அது கடல் கடந்து வந்தது. மலேசியக் காடுகளில் பச்சோந்தி கிடையாது. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் ஓர் இனம் உண்டு, ஆனால் வளர்ப்புப் பிராணியாக விற்கப்படுபவை பெரும்பாலும் ஏமன், சவூதி மலைப்பகுதிகளைச் சேர்ந்த, தலையில் கொண்டை உயர்ந்த இனமும், மடகாஸ்கரின் சிறுத்தைப் பச்சோந்தியும்தான். இவற்றின் பன்னாட்டு வணிகம் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. இந்த விஷயத்தில் பினாங்குக்குக் கசப்பான பழைய கதை ஒன்றும் உண்டு. ஊர்வனக் கடத்தலைப் பிடிக்க அமெரிக்க வனவிலங்குத் துறை நடத்திய துப்பறிதலுக்கு 'பச்சோந்தி நடவடிக்கை' என்றே பெயர். அதில் 1998இல் மெக்சிகோ நகரில் சிக்கியவர் பினாங்கு வணிகர் ஆன்சன் வோங். 2010இல் பினாங்கிலிருந்து ஜகார்த்தா போகும் வழியில் கோலாலம்பூர் விமான நிலையத்தில் அவருடைய பெட்டி பிய்ந்து, உள்ளே 95 போவாப் பாம்புகள் இருந்தது தெரியவந்து மறுபடியும் பிடிபட்டார். ஆகவே எங்கிருந்து வந்ததென்று தெரியாத பிராணி என்றால் பெர்ஹிலித்தான் என்னும் மலேசிய வனவிலங்குத் துறை அலுவலகத்தில் சொல்லிவிடுங்கள். வைத்துக்கொள்ள உரிமம் வேண்டுமா என்பதையும் அங்கேயே கேட்டுக்கொள்ளலாம்.

வந்த அன்று அதற்கு வேண்டியது சாப்பாடு அல்ல, தண்ணீர். கண் குழிவிழுந்திருந்தால் உடம்பில் நீர் வற்றியிருக்கிறது. எச்சத்தில் வெள்ளையாக இருக்கவேண்டிய பகுதி ஆரஞ்சு நிறத்தில் இருந்தாலும் அப்படித்தான். கிண்ணத்தில் தண்ணீர் வைத்தால் பெரும்பாலும் கண்டுகொள்ளாது. இலையில் உருளும் துளியைத்தான் நக்கிக் குடிக்கும். தெளிப்பானால் இலைகளை நனையுங்கள், அல்லது பாத்திரத்தின் அடியில் ஊசித்துளை போட்டு மேலிருந்து சொட்டவிடுங்கள். வாயைத் திறந்து ஊற்றவே கூடாது, நுரையீரலுக்குள் போய்விடும். பிறகு இரண்டு மூன்று நாள் தனியாக விடுங்கள். பிள்ளைகள் பார்க்க ஆசைப்படுவார்கள், பக்கத்து வீட்டு அக்காவும் வருவார். எல்லாரையும் கொஞ்சம் காத்திருக்கச் சொல்லுங்கள். நம்மைவிட உயரமான இடத்தில் இருந்தால்தான் இதற்குப் பயம் தெளியும். கூண்டைத் தரையில் வைக்காமல், தலை உயரத்துக்கு மேல் கிளைகள் இருக்கும்படி வையுங்கள்.

இனி வெப்பம். வளர்ப்புக் குறிப்புகளில் பெரும்பாலானவை குளிர்நாட்டில் எழுதப்பட்டவை. விளக்கு போடு, சூடாக்கு, ஈரம் ஏற்று என்று அவை சொல்லிக்கொண்டே போகும். ஜார்ஜ்டவுனில் அதை அப்படியே செய்தால் பிராணி செத்துப்போகும். பச்சோந்தி வெயில் காயும் இடத்துக்கு 30 டிகிரி செல்சியஸ் சுற்றி இருந்தால் போதும். இங்கே மத்தியானம் வீட்டுக்குள்ளேயே அந்தச் சூடு வந்துவிடுகிறது, அதற்கு மேல் சூட்டு விளக்கு எதற்கு? பச்சோந்திக்கு இன்றியமையாதது இரவின் குளிர்ச்சி. நம் ஊரில் கிடைக்காததும் அதுதான். கொடிமலையில் வீடு இருப்பவர்களுக்குக் கவலையில்லை. கீழே ஆயர் ஈத்தாமிலோ ஜெலுத்தோங்கிலோ அடுக்குமாடியில் இருப்பவர்கள், குளிர்சாதன அறையில், காற்று நேரே படாத மூலையில் இரவு வைக்கலாம். பகலில் வாயைப் பிளந்துகொண்டு, நிறம் வெளிறி உட்கார்ந்திருந்தால் சூடு தாங்கவில்லை என்று பொருள். உடனே நிழலுக்கு மாற்றுங்கள்.

ஈரத்திலும் இதே தவறு நடக்கிறது. பினாங்குக் காற்றில் ஈரம் ஏற்கெனவே அதிகம். கண்ணாடித் தொட்டியில் அடைத்து நாள் முழுக்கத் தெளித்துக்கொண்டிருந்தால் பூஞ்சை பிடிக்கும், மூச்சுக்குழாய் நோய் வரும். நான்கு பக்கமும் வலை அடித்த, மூன்று நான்கு அடி உயரக் கூண்டு வேண்டும். காலையும் மாலையும் தெளியுங்கள்; இடையில் இலை காயவேண்டும். சாம்பிராணி, ஊதுபத்தி, கொசுவத்திப் புகை போகும் அறையில் வைக்காதீர்கள். டிங்கிக் கொசுவுக்குப் புகை அடிக்க வருகிறார்கள் என்று தெரிந்தால், அன்று பிராணியை வேறு இடத்துக்குக் கொண்டுபோய்விடுங்கள்.

வெயிலின் புற ஊதாக்கதிர் இல்லாமல் உணவிலுள்ள சுண்ணாம்பு எலும்பில் ஏறாது. தாடை ரப்பர்போல் வளைந்து, கால் கோணிப்போன பச்சோந்திகள் இப்படி ஆனவைதான். சன்னல் கண்ணாடி வழியே வரும் வெளிச்சத்தில் தேவையான அந்தக் கதிர் இருக்காது. காலை வெயிலில், பாதி நிழல் விழும்படி வலைக்கூண்டை அரை மணி நேரம் வெளியே வைத்து, கூடவே இருங்கள். காக்கையும் பூனையும் காத்திருக்கும். முடியாதவர்கள் யூவி-பி குழல்விளக்கு வாங்கவேண்டும். பார்க்க நன்றாக எரிந்தாலும் அதன் கதிர் குறைந்துவிடும் என்பதால், தயாரிப்பாளர் சொல்லும் காலத்தில் மாற்றிவிட வேண்டும்.

தீனி தேடி அலைய வேண்டாம். பாட்டுப் பறவை வளர்ப்பவர்கள் வாங்கும் செங்கெரிக், அதாவது சில்வண்டு, பறவைக்கடைகளில் உயிரோடு கிடைக்கும். பிராணியின் இரு கண்களுக்கு இடையிலுள்ள அகலத்தைவிடப் பெரிய பூச்சியைப் போடாதீர்கள். முதல் நாளே பூச்சிகளுக்குக் கீரையும் கேரட்டும் கொடுத்து, சுண்ணாம்புச் சத்துத் தூளைத் தூவிப் போடுங்கள். வீட்டுக் கரப்பானைப் பிடித்துப் போட வேண்டாம், அது எந்த மருந்தை மேய்ந்துவிட்டு வந்ததோ. கூண்டுக்குள் வைக்க செம்பருத்தியைவிட நல்ல செடி இல்லை. கொண்டைப் பச்சோந்தி அதன் இலையையும் பூவையும் கடித்துத் தின்னும். நர்சரியில் வாங்கியது என்றால் பூச்சிமருந்து போகக் கழுவி, சில வாரம் வெளியே வைத்திருந்து பிறகு உள்ளே வையுங்கள்.

பெண் பச்சோந்தி ஆண் இல்லாமலே முட்டை வைக்கும் என்பது பலருக்குத் தெரியாது. தரையில் இறங்கி அமைதியில்லாமல் சுற்றினால், ஓரடி ஆழத்துக்கு ஈரமணல் போட்ட தொட்டி வையுங்கள். தோண்ட இடமில்லாமல் முட்டையை உள்ளேயே அடக்கிக்கொண்டு செத்துப்போவதும் உண்டு. துணைக்கு என்று இன்னொன்றை மட்டும் வாங்கிவிடாதீர்கள், இது தனியாக வாழும் பிராணி.

உடம்பு தேறியதும் தண்ணீர்மலைப் பூங்காவில் விட்டுவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். 1972இல் ஹவாயில் ஒரு கடைக்காரர், கென்யாவிலிருந்து வாடிப்போய் வந்து சேர்ந்த மூன்றுகொம்புப் பச்சோந்திகளை, தேறட்டும் என்று இரக்கப்பட்டுத் தோட்டத்தில் விட்டார். இன்று அவை அந்தத் தீவுகளில் நிலைத்துவிட்டன. உள்ளூர்ப் பூச்சிகளையும் அரிய நத்தைகளையும் தின்கின்றன.

நிறத்தைப் பார்த்து உடல்நிலையைக் கணிக்கலாம், ஆனால் கவனமாக. பின்னணிக்கு ஏற்ப இது நிறம் மாற்றுவதில்லை. தோலுக்குள் இருக்கும் நுண்படிகங்களின் இடைவெளி கூடிக் குறைவதால் நிறம் மாறுகிறது என்று 2015இல் ஜெனீவா பல்கலைக்கழகத்தினர் சிறுத்தைப் பச்சோந்தியில் கண்டறிந்தார்கள். பயம், கோபம், குளிர் எல்லாமே நிறத்தில் தெரியும். நாள் முழுக்கக் கறுத்தே இருந்தால் ஏதோ அதை வருத்துகிறது. ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவர் யார் என்று வந்த வாரமே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்; நாய், பூனை பார்க்கும் எல்லாரும் இதைப் பார்ப்பதில்லை. ஆரோக்கியமான பச்சோந்தி இருட்டியதும் வெளிறிய நிறத்தில் உறங்கும், பகலில் கண் மூடாது. பகலில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தால் நாளைக்கு என்று தள்ளாமல் அன்றே தூக்கிக்கொண்டு போங்கள்.