காப்பகங்களை நாடும் தன்னார்வலர்கள்: சட்டம் கேட்க மறந்த கேள்வி

- நமது சிறப்பு நிருபர் -

புது தில்லி: ஆதரவற்ற குழந்தைகள் காப்பகத்துக்கு வார இறுதியில் சென்று பாடம் சொல்லித் தரும் தன்னார்வலரின் பின்னணியைச் சரிபார்ப்பது யார்? அந்தக் காப்பகம் முறையாகப் பதிவு பெற்றதா என்பதை அவர் எப்படி அறிவது? இரண்டாவது கேள்விக்கு நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தில் தெளிவான விடை உண்டு. முதல் கேள்விக்கு இல்லை.

பெங்களூரு - ஒசூர் தேசிய நெடுஞ்சாலையில், ஆனேகல் வட்டத்தில் உள்ள சந்தாபுரா போன்ற ஊர்களுக்கு இக்கேள்விகள் மிகவும் பொருந்தும். ஒருபுறம் எலக்ட்ரானிக் சிட்டியின் மென்பொருள் நிறுவனங்கள். அருகிலேயே பொம்மசந்திரா தொழிற்பேட்டை. சற்றுத் தொலைவில் தமிழக எல்லை. 2025 ஆகஸ்டில் பொம்மசந்திரா வரை மெட்ரோ ரயில் சேவையும் தொடங்கிவிட்டது. வேலை தேடி வந்த ஏழைக் குடும்பங்களும், நல்ல ஊதியம் பெறும் இளைஞர்களும் அடுத்தடுத்து வாழும் பகுதி இது. இரு தரப்பிலும் தமிழர்கள் கணிசமாக உள்ளனர். பிறந்த நாள் விருந்து, நோட்டுப் புத்தகம், ஆங்கில வகுப்பு என ஏதேனும் ஒரு காரணத்துடன் இளைஞர்கள் காப்பகங்களை நாடுவது இத்தகைய ஊர்களில் வழக்கமாகிவிட்டது.

2014 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பெருநிறுவன சமூகப் பொறுப்பு விதிகளும் இதற்கு ஊக்கமளித்தன. குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபம் ஈட்டும் நிறுவனங்கள் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். அப்பணிகளின் பட்டியலில் ஆதரவற்றோருக்கான இல்லங்களும் இடம்பெற்றுள்ளன.

மாமல்லபுரத்தில் தொடங்கிய வழக்கு

காப்பகங்களைப் பற்றி உச்ச நீதிமன்றம் அளித்த மிக முக்கியமான தீர்ப்புக்கு வித்திட்டது தமிழகம்தான். மாமல்லபுரம் பகுதிக் காப்பகங்களில் குழந்தைகள் பாலியல் கொடுமைக்கு ஆளாவதாக 2007-ல் ஆங்கில நாளிதழ் ஒன்றில் செய்தி வெளியானது. அதை இணைத்து அனுப்பப்பட்ட கடிதமே பொதுநல வழக்காக ஏற்கப்பட்டது.

பத்து ஆண்டுகளுக்குப் பின், 2017 மே 5-ல் நீதிபதிகள் மதன் பி. லோக்குர், தீபக் குப்தா ஆகியோர் தீர்ப்பளித்தனர். நாட்டிலுள்ள அனைத்துக் காப்பகங்களையும் அந்த ஆண்டு இறுதிக்குள் பதிவு செய்யவும், ஒவ்வொரு குழந்தைக்கும் தனிப் பராமரிப்புத் திட்டம் வகுக்கவும், காப்பகங்களைச் சமூகத் தணிக்கைக்கு உட்படுத்தவும் அவர்கள் உத்தரவிட்டனர்.

நிலைமை எப்படி இருந்தது என்பதை மத்திய மகளிர், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகத்தின் ஜெனா குழு 2018-ல் அளித்த அறிக்கை காட்டியது. கணக்கெடுக்கப்பட்ட 9,589 காப்பகங்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கு மட்டுமே சிறார் நீதிச் சட்டத்தின் கீழ் பதிவு பெற்றிருந்தன. பத்தில் ஒன்பது காப்பகங்களைத் தொண்டு நிறுவனங்களே நடத்தி வந்தன.

பெற்றோர் உள்ள பிள்ளைகள்

அக்கணக்கெடுப்பின் மற்றொரு தகவல் தன்னார்வலர்கள் அறிய வேண்டியது. காப்பகங்களில் இருந்த சுமார் 3.7 லட்சம் குழந்தைகளில் பெற்றோர் இருவரையும் இழந்தவர்கள் அரை லட்சம் பேர்கூட இல்லை. தாய் அல்லது தந்தையுடன் வாழ்ந்திருக்கக் கூடியவர்கள் ஒரு லட்சத்துக்கும் அதிகம். பலரைக் காப்பகத்தில் சேர்த்தது வறுமையே.

காப்பகம் என்பது கடைசி வழி என்று சிறார் நீதிச் சட்டம் (2015) தனது அடிப்படைக் கொள்கைகளிலேயே கூறுகிறது. ஆனால், நன்கொடை காப்பகத்துக்குத்தான் எளிதில் செல்கிறது. குடிசையில் தவிக்கும் தாய்க்குச் செல்வதில்லை. பார்வையாளர்களும் பணமும் வருவதற்காகவே குழந்தைகள் திரட்டப்படும் அவலத்தை ஆஸ்திரேலிய நாடாளுமன்றக் கூட்டுக் குழு 2017 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கையில் விரிவாக ஆராய்ந்தது. இத்தகைய "காப்பகச் சுற்றுலா" குறித்து ஐ.நா. பொதுச் சபையும் 2019-ல் தீர்மானம் வாயிலாகக் கவலை தெரிவித்தது.

விதியில் விடுபட்டவர்கள்

குழந்தைகள் தங்கும் நிறுவனங்கள் தங்கள் ஊழியர்களைக் குறித்துக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை போலீஸ் சரிபார்ப்பு நடத்த வேண்டும் என்று போக்சோ விதிகள் (2020) கூறுகின்றன. நிரந்தர ஊழியர், ஒப்பந்த ஊழியர் ஆகிய இரு தரப்பினரும் இதில் அடங்குவர். ஊதியமின்றி வாரந்தோறும் வந்து குழந்தைகளுடன் பழகும் தன்னார்வலரை அந்த விதி பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. மாமல்லபுரம் வழக்கின் படிப்பினையை நினைத்தால், இது சிறிய விடுபடல் அல்ல.

சிறார் நீதிச் சட்டத் திருத்த மசோதா 2021 ஜூலையில் எதிர்க்கட்சிகளின் அமளிக்கிடையே மாநிலங்களவையில் நிறைவேறியது. காப்பகங்களைக் கண்காணிப்பதில் மாவட்ட ஆட்சியருக்குக் கூடுதல் அதிகாரம் அளித்த மசோதா அது. தன்னார்வலர்களுக்கான வரைமுறை குறித்து ஆழ்ந்து விவாதிக்க அன்று அவையில் சூழல் இல்லை.

நல்லெண்ணத்துடன் வருவோரும் அறியாமல் சட்டத்தை மீறலாம். பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவது சட்டத்தின் 74-வது பிரிவின்படி குற்றம். ஆறு மாதம் வரை சிறை, 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். கேக் வெட்டும் படத்தில் குழந்தைகளின் முகங்களைக் காட்டிச் சமூக வலைதளத்தில் பதிவிடுவோரில் எத்தனை பேர் இதை அறிவர்?

கேட்க வேண்டியவை

காப்பகத்துக்குள் நுழையும் தன்னார்வலர் முதலில் பதிவுச் சான்றிதழைக் கேட்கலாம். அது ஐந்து ஆண்டுகளுக்கே செல்லுபடியாகும். குழந்தைகள் நலக் குழுவின் உத்தரவுப்படிதான் குழந்தைகள் சேர்க்கப்பட்டனரா, மூன்று மாதங்களுக்கு ஒருமுறை வர வேண்டிய ஆய்வுக் குழு வருகிறதா என்றும் கேட்கலாம். பதிவின்றி நடத்தினால் ஓராண்டு வரை சிறை அல்லது குறைந்தது ஒரு லட்சம் ரூபாய் அபராதம் அல்லது இரண்டும் விதிக்கச் சட்டம் இடமளிக்கிறது. ஐயம் எழுந்தால் 1098 என்ற எண்ணில் தகவல் தரலாம்.

ஒரு மாதம் வந்து மறையும் பத்துப் பேரைவிட, ஓராண்டு தவறாமல் வரும் ஒருவரே குழந்தைக்குப் பயன்படுவார். ஏற்கெனவே பிரிவை அனுபவித்த பிள்ளைக்கு மேலும் பிரிவுகளைத் தருவது தொண்டாகாது. பதினெட்டு வயதில் காப்பகத்தை விட்டு வெளியேறும் இளைஞருக்கு 21 வயது வரை பின்பராமரிப்பு உதவி பெற வழி உண்டு. அவருக்கு வேலைக்கு வழிகாட்டும் தகுதி எலக்ட்ரானிக் சிட்டியில் பணிபுரிபவரைவிட வேறு யாருக்கு உண்டு?

தகுதியுள்ள ஏழைக் குடும்பங்கள் பிள்ளையைத் தம்மிடமே வைத்து வளர்க்க மாதம் 4 ஆயிரம் ரூபாய் வழங்க மத்திய அரசின் "மிஷன் வாத்சல்யா" திட்டம் வகை செய்கிறது. விண்ணப்பம் எழுதத் தெரியாத தாயை மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு அழைத்துச் செல்வதும் தன்னார்வப் பணியே. ஒரு பிள்ளையைக் காப்பகத்துக்கு வரவிடாமல் தடுக்கும் பணி அது.

தன்னார்வலர்களுக்கும் போலீஸ் சரிபார்ப்பு, குறைந்தபட்சப் பணிக்காலம், நடத்தை நெறி ஆகியவற்றை விதிகளில் சேர்ப்பது அரசின் பொறுப்பு. அடுத்த முறை இச்சட்டம் அவைக்கு வரும்போதாவது, கர்நாடக, தமிழக எம்.பி.க்கள் கட்சி வேறுபாடின்றி இதை வலியுறுத்த வேண்டும்.