உம்ரா பயணம்: கைப்பையில் எது, பெட்டியில் எது?

உம்ராவுக்குப் புறப்படுவோர் பெட்டியின் எடையைத்தான் பெரிதாகப் பார்க்கிறார்கள். எதை எந்தப் பையில் வைப்பது என்பதே அதைவிட முக்கியம் என்பேன்.

நேராக ஜித்தாவுக்குப் பறப்பவர்கள் தரையிறங்கும் முன்பே, வானத்திலேயே மீகாத் எல்லையைக் கடந்துவிடுவார்கள். ஆண்களின் இஹ்ராம் துணி சரக்கறைக்குப் போன பெட்டிக்குள் கிடந்தால் எடுக்க வழியில்லை. வீட்டிலிருந்தே உடுத்திச் செல்லுங்கள். இல்லையேல் கைப்பையில் மேலாக வையுங்கள். நிய்யத்தை மீகாத்தை நெருங்கும்போது வைத்துக்கொள்ளலாம்.

பிரஷர், சீனி வருத்த மாத்திரைகளும் மருந்துச் சிட்டையும் கைப்பையிலேயே இருக்கட்டும். பெட்டி ஒரு நாள் பிந்தலாம். உம்மாவின் மாத்திரை பிந்தக் கூடாது. பவர் பேங்கும் கைப்பையில்தான். லித்தியம் பற்றரி சரக்கறையில் தீப்பிடித்தால் அணைப்பது கடினம். பொதுவாக 100 வாட் மணி, அதாவது சுமார் 27,000 மில்லி அம்பியர் மணி வரை கொண்டுபோகலாம். முடி கத்தரிக்கும் கத்தரிக்கோலோ பெட்டிக்குள் போக வேண்டும்.

குழுவில் எல்லோருக்கும் ஒரே மாதிரிப் பை கிடைப்பதுண்டு. பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் பைக்கு உள்ளேயும் எழுதி வையுங்கள்.

திரும்பும்போது ஸம்ஸம் நீரைப் போத்தலில் நிரப்பிப் பெட்டிக்குள் மறைக்காதீர்கள். முத்திரையிட்ட 5 லீற்றர் பெட்டிகள் ஜித்தா விமான நிலையத்திலேயே விற்கப்படுகின்றன.

அல்லாஹ் அனைவரது உம்ராவையும் ஏற்றுக்கொள்வானாக.