ரயிலடியில் நடப்போர் உரிமை

1928-ம் வருஷம் திறக்கப்பட்ட மதுரை–போடி ரயில் பாதை, அகலப் பாதையாக்கும் பொருட்டு 2010-ம் வருஷக் கடைசியில் மூடப்பட்டது. 2022 மே மாதம் தேனிக்கும், 2023 ஜூன் மாதம் போடிக்கும் ரயில் திரும்பிற்று. நாம் மகிழ்ந்தோம். ஆனால் ரயில் வந்ததோடு கடமை தீர்ந்துவிடவில்லை.

இருப்புப் பாதையில்லாத அனுமந்தன்பட்டி வாசிகள், உத்தமபாளையம், சின்னமனூர் வழியாய்த் தேனிக்குப் பஸ்ஸில் வந்தே ரயிலேற வேண்டும். பஸ்ஸைவிட்டு இறங்கியதும் ஏழையும் தனவந்தனும் நடப்பவர்களே. அவர்கள் நடக்கும் வழி யார் பொறுப்பு? ஸ்டேஷன் வாயிலுக்குள் ரயில்வே. வெளியே நகராட்சியும் நெடுஞ்சாலை இலாகாவும். பலருக்குரிய வேலை ஒருவருக்கும் உரியதன்று என்றாகிவிடலாகாது.

சென்னையில் மாம்பலம் ரயில் நிலையத்தையும் தியாகராயநகர் பஸ் நிலையத்தையும் இணைக்கும் 570 மீட்டர் நடைமேம்பாலம் 2023 மே மாதம் திறக்கப்பட்டது. தேனிக்கு அத்தகைய பாலம் வேண்டுமென்று நாம் கேட்கவில்லை. இந்திய சாலைக் காங்கிரஸ் விதித்துள்ளபடி, குறைந்தது 1.8 மீட்டர் அகலத்துக்குத் தடையற்ற நடைபாதை, நிழல் தரும் மரங்கள், இரவில் விளக்கு, சாலையைக் கடக்கத் தக்க இடம்—இவையே நமது கோரிக்கை.

மோட்டார்கள் நிற்க இடம் அளக்குமுன், மூட்டை சுமந்துவரும் கிழவி நடக்க இடம் அளக்கப்பட வேண்டும். இலாகாக்கள் மூன்றும் ஒன்றுகூடி ஒரே திட்டம் வகுக்கட்டும். கேளாதவர்க்கு எந்தச் சர்க்காரும் தானே முன்வந்து கொடுப்பதில்லை. ஆகவே பள்ளத்தாக்கின் ஊழியர்கள் ஊர்தோறும் இதைக் கேட்டு எழுவார்களாக!