பிரித்தானிய வீடுகளில் வௌவால்கள்

பிரித்தானிய வீடுகளில் வௌவால்கள் என்னும் இக்கட்டுரை, ஐக்கிய இராச்சியத்தில் மனிதர் வாழும் வீடுகளைத் தங்குமிடமாகக் கொள்ளும் வௌவால்களைப் பற்றியும், அவற்றோடு வீட்டார் இணைந்து வாழும் முறையைப் பற்றியும் விளக்குகின்றது. இந்நாட்டில் 18 வௌவால் இனங்கள் காணப்படுகின்றன. இவற்றுள் 17 இனங்கள் இங்கு இனப்பெருக்கம் செய்கின்றன. இவை அனைத்தும் பூச்சிகளையும் அவை போன்ற சிற்றுயிர்களையும் உண்பவை. மரப்பொந்துகளிலும் குகைகளிலும் வாழ்ந்த இவற்றுள் பல, காடுகள் குறைந்ததால் கட்டடங்களைப் பெரிதும் நம்பி வாழ்கின்றன.

வீட்டில் காணப்படும் இனங்கள்

வீடுகளில் மிகுதியாகக் காணப்படுவன பிப்பிஸ்ட்ரெல் வகை வௌவால்கள் ஆகும். இவற்றின் எடை ஏறத்தாழ 5 கிராம், அதாவது ஓர் இருபது பென்ஸ் நாணயத்தின் எடை மட்டுமே. ஒரே இனமாகக் கருதப்பட்டு வந்த இவை, 1990களில் இரண்டு இனங்கள் என அறியப்பட்டன. ஒன்று ஏறத்தாழ 45 கிலோஹேர்ட்ஸ் அதிர்வெண்ணிலும், மற்றது ஏறத்தாழ 55 கிலோஹேர்ட்ஸ் அதிர்வெண்ணிலும் ஒலி எழுப்பி, அதன் எதிரொலியைக் கொண்டு இரையை அறிகின்றன. ஒரு பிப்பிஸ்ட்ரெல் ஓர் இரவில் 3,000 வரையான சிறு பூச்சிகளை உண்ணக்கூடும்.

பிப்பிஸ்ட்ரெல்கள் 15 முதல் 20 மில்லிமீட்டர் அகலமுள்ள இடுக்கினூடாகவே உட்புக வல்லவை. கூரை ஓடுகளின் அடியிலும், சுவரில் பதித்த ஓடுகளின் பின்புறத்திலும், கூரையின் விளிம்பான இறவாரத்திலும் இவை ஒடுங்கி வாழும். இதற்கு மாறாக, பழுப்பு நெடுஞ்செவி வௌவால்கள் பழைய வீடுகளின் விசாலமான பரண்களை விரும்புகின்றன. வெளியே செல்லுமுன் பரணுக்குள்ளேயே பறந்து பார்க்க அவற்றுக்கு இடம் தேவை.

கண்டறிதல்

வீட்டில் வௌவால்கள் இருப்பதை வீட்டார் பல ஆண்டுகள் அறியாமலேயே இருப்பதுண்டு. சன்னல் விளிம்பிலோ சுவரிலோ காணப்படும் சிறு கரிய எச்சங்களே பெரும்பாலும் முதல் அடையாளமாகும். இவை எலிப் புழுக்கைகளைப் போலத் தோன்றினாலும், காய்ந்த பின்பு அழுத்தினால் பூச்சிகளின் உடற்கூறுகளாகப் பொடிந்துவிடும். எலிப் புழுக்கை கடினமாகவே இருக்கும். வெப்பமான நாட்களில் கூரையிலிருந்து கீச்சொலி கேட்பதும், சூரியன் மறைந்து ஏறத்தாழ 20 நிமிடங்களில் ஓரிடத்திலிருந்து ஒவ்வொன்றாக வௌவால்கள் வெளியேறுவதும் பிற அடையாளங்கள் ஆகும்.

வௌவால்கள் எலிகளைப் போல மரத்தையோ மின்கம்பிகளையோ கொறிப்பதில்லை. கூடு கட்டுவதும் இல்லை. எச்சம் சேர்தல், மணம், ஒலி ஆகியவையே வீட்டாருக்கு ஏற்படக்கூடிய பொதுவான தொல்லைகள்.

ஆண்டுச் சுழற்சி

வீட்டுக்கு வரும் கூட்டம் பெரும்பாலும் தாய்களின் கூட்டமாகும். பெண் வௌவால்கள் மே மாதமளவில் வெதுவெதுப்பான ஓரிடத்தில் கூடுகின்றன. சூன், சூலை மாதங்களில் குட்டிகள் பிறக்கின்றன. ஒரு தாய் பொதுவாக ஆண்டுக்கு ஒரு குட்டியையே ஈனும். குட்டி பறக்கத் தொடங்க மூன்று முதல் நான்கு வாரங்கள் வரை ஆகும். அதுவரை தாய்ப்பாலே அதன் உணவு. கோடையின் இறுதியில் கூட்டம் கலைந்துவிடும். குளிர்காலத்தில் இவை குளிர்ந்த, அமைதியான இடங்களில் நீள்துயில் கொள்கின்றன.

எனவே சூன் மாதத்தில் நுழைதுளை ஒன்றை அடைப்பவர், தாய்களை வெளியிலும் பறக்கவியலாத குட்டிகளை உள்ளேயும் பிரித்து வைப்பவராகிறார். குட்டிகள் பட்டினியால் இறக்க நேரிடும். ஆண்டுக்கு ஒரு குட்டியே என்பதால், அவ்வாறு அழிந்த கூட்டம் மீள்வதற்குப் பல ஆண்டுகள் ஆகும். அதே துளையைப் பற்றி இலையுதிர் காலம் வரை பொறுத்திருந்து ஆலோசனை பெற்றால், இவ்விழப்பைத் தவிர்க்கலாம்.

சட்டமும் கூரைப் பணிகளும்

பெரிய பிரித்தானியாவில் அனைத்து வௌவால் இனங்களுக்கும் 1981 ஆம் ஆண்டின் காட்டுயிர் மற்றும் நாட்டுப்புறச் சட்டம் பாதுகாப்பு அளித்தது. பின்னர் வந்த விதிமுறைகள் அதனை வலுப்படுத்தின. வட அயர்லாந்துக்குத் தனிச் சட்டம் உண்டு. வௌவாலைக் கொல்வதும் பிடிப்பதும் மட்டுமன்றி, அதன் தங்குமிடத்தைச் சேதப்படுத்துவதும் குற்றமாகும். அவ்வேளையில் வௌவால்கள் அங்கு இல்லாவிட்டாலும் இது பொருந்தும்.

இதன் பொருள் வீட்டார் தம் கூரையைச் செப்பனிட முடியாது என்பதன்று. பணி தொடங்குமுன் ஆலோசனை பெற வேண்டும். தேவைப்படின் உரிமம் பெற்று, தகுந்த பருவத்தில் செய்ய வேண்டும். இங்கிலாந்தில் நேச்சுரல் இங்கிலாந்து என்னும் அமைப்பு இதற்குப் பொறுப்பாகும். வௌவால் பாதுகாப்பு அறக்கட்டளை தொலைபேசி வழியாக ஆலோசனை வழங்குகின்றது.

கூரைப் பொருட்களின் தேர்வும் முக்கியமானது. முன்பு மரப்பூச்சிகளை ஒழிக்கப் பரண் மரங்களில் தெளிக்கப்பட்ட லிண்டேன் போன்ற மருந்துகள் வௌவால்களையும் கொன்றன. இன்று ஓடுகளின் கீழ் இடப்படும் சில செயற்கை இழை விரிப்புகளின் நார்களில் வௌவால்கள் சிக்கி இறக்கின்றன. ஆதலால் தங்குமிடங்களில் பழைய முறையிலான தார் பூசிய விரிப்பே பரிந்துரைக்கப்படுகின்றது.

நோயும் முன்னெச்சரிக்கையும்

ரேபிஸ் நோயை உண்டாக்கும் லிசா தீநுண்மங்கள் இந்நாட்டு வௌவால்கள் சிலவற்றில் கண்டறியப்பட்டுள்ளன. டாபென்டன் வௌவாலில் 1996 ஆம் ஆண்டிலும், செரோட்டின் வௌவாலில் 2018 ஆம் ஆண்டிலும் இவை முதன்முறையாக அறியப்பட்டன. 2002 ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தில் வௌவால்களுடன் பணியாற்றிய ஒருவர் இந்நோயால் இறந்தார். தீநுண்மம் கடியினாலோ கீறலினாலோ பரவுகின்றது. கூரையில் வௌவால் இருப்பதனால் மட்டும் பரவுவதில்லை. ஆகவே வெறுங்கையால் தொடாதிருத்தலே முதன்மையான விதியாகும். கடிபட்டால் உடனே சோப்பும் நீரும் கொண்டு நன்கு கழுவி, தாமதமின்றி மருத்துவரை நாட வேண்டும். நோய்க்குறிகள் தோன்றுமுன் இடப்படும் தடுப்பூசி நோயைத் தடுக்கும். தோன்றிய பின் உயிர் பிழைத்தல் மிக அரிது.

அறைக்குள் வௌவால் வந்தால்

சூலை, ஆகத்து மாதங்களில் பறக்கப் பழகும் இளம் வௌவால்கள் வழிதவறி அறைக்குள் வருவதுண்டு. அப்போது பின்வருமாறு செய்யலாம்:

- உட்கதவுகளை மூடி, வெளிச்சன்னல்களை முழுமையாகத் திறந்து வைத்தல்.
- விளக்குகளை அணைத்து, வௌவால் தானே வெளியேறும் வரை பொறுத்திருத்தல்.
- துரத்தாதிருத்தல், பூனை, நாய் ஆகியவற்றை அப்புறப்படுத்துதல்.
- தரையில் கிடக்கும் வௌவாலைக் கையுறை அணிந்து அல்லது துணியால் மூடி, காற்றுத் துளைகளுள்ள பெட்டியில் இட்டு, சிறு மூடியில் சிறிதளவு நீர் வைத்து, மேற்குறித்த அறக்கட்டளையின் உதவியைக் கோருதல்.

பரணில் சேரும் எச்சத்தை, வௌவால்கள் இல்லாத பருவத்தில், முகமூடியும் கையுறையும் அணிந்து அகற்றலாம். அவை தொங்கும் இடத்தின் கீழ் ஒரு விரிப்பை முன்னரே இட்டுவைத்தால் இப்பணி எளிதாகும்.