‘ஷோ’ நாய்க்குட்டி வாங்கப் போகிறீர்களா?

அண்மைக்காலமாக முகநூலைத் திறந்தால் நாய்க்குட்டி விளம்பரங்களுக்குக் குறைவில்லை. அல்சேஷன், ரொட்வைலர், லப்ரடோர், பொமேரியன் எனப் பல இனங்கள். சில குட்டிகளின் படத்தின் கீழ் ‘ஷோ குவாலிட்டி’ என்று எழுதியிருக்கும். அந்த இரண்டு சொற்களுக்காகவே விலையும் ஏறிவிடும். நாய்க் கண்காட்சியில் பரிசெடுக்கக்கூடிய குட்டி, வளர்ந்து குட்டி போட்டால் ஒவ்வொன்றையும் நல்ல விலைக்கு விற்கலாம் என்பதே அதற்குச் சொல்லப்படும் விளக்கம். தையல், கோழி, ஆடு எனப் பல வாழ்வாதார முயற்சிகளையும் செய்து பார்த்த எமது பெண்கள் சிலர் இதனையும் ஒரு தொழிலாக எண்ணி எம்மிடம் விசாரிக்கின்றனர். வெளிநாட்டிலுள்ள சகோதரர் அனுப்பிய பணத்தில் வாங்க நினைப்போர் ஒருபுறம். காப்பை அடகு வைத்து வாங்க நினைப்போர் மறுபுறம். இரு சாராரும் பணத்தைக் கொடுப்பதற்கு முன்னர் சில விடயங்களை அறிந்திருக்க வேண்டும்.

முதலில், நாய்க் கண்காட்சி என்றால் என்ன? வடிவான நாயைத் தெரிவு செய்யும் அழகுராணிப் போட்டி என்றே பலர் நினைக்கின்றனர். உண்மையில் ஒவ்வொரு இனத்திற்கும் எழுதப்பட்ட ஓர் இலக்கணம் உண்டு. நடுவர் அந்த இலக்கணத்தை மனதில் வைத்துக்கொண்டே முன்னால் நிற்கும் நாயை அளவிடுகிறார். உதாரணமாக, நாம் அல்சேஷன் என்றழைக்கும் ஜேர்மன் ஷெப்பேர்ட் இனத்தை எடுத்துக்கொள்வோம். 1899 இல் ஜேர்மனியில் இதற்கெனச் சங்கம் அமைத்து வளர்த்தெடுக்கப்பட்ட மேய்ப்பு நாய் இது. இதன் சர்வதேச இலக்கணப்படி கடுவனின் தோள் உயரம் 60 முதல் 65 சென்ரிமீற்றர் வரையிலும், பெட்டையின் உயரம் 55 முதல் 60 சென்ரிமீற்றர் வரையிலும் இருக்க வேண்டும். காதுகள் நிமிர்ந்து நிற்க வேண்டும். 42 பற்களும் இருக்க வேண்டும். மேற்பற்கள் கீழ்ப்பற்களுக்குச் சற்று முன்னால், கத்தரிக்கோல் போலப் பொருந்த வேண்டும். வெள்ளை நிறம் ஏற்றுக்கொள்ளப்படுவதில்லை. நடுவர் வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார், உடம்பைத் தடவிப் பார்ப்பார், ஓடவிட்டு நடையைப் பார்ப்பார்.

இனி, எட்டுக் கிழமைக் குட்டி ஒன்றை மடியில் வைத்து இந்த இலக்கணத்தை நினைத்துப் பாருங்கள். அதன் வாயிலிருப்பவை 28 பாற்பற்கள் மாத்திரமே. நிலையான பற்கள் நான்காம் மாதமளவில் முளைக்கத் தொடங்கி ஏழாம் மாதமளவில்தான் நிறைவடையும். காது இன்னும் தொங்கிக்கொண்டிருக்கும். உயரம் எவ்வளவு வரும் என்பதை யாராலும் சொல்ல முடியாது. இடுப்பு மூட்டின் குறைபாடு பெரிய இன நாய்களில் பரம்பரையாக வருவது. அதனை உறுதியாக அறிய வளர்ந்த பின் எக்ஸ்றே எடுத்துப் பார்க்க வேண்டும். ஆகவே, எட்டாம் கிழமையில் எவராலும் உங்களுக்கு ஒரு கண்காட்சி நாயை விற்க முடியாது. வாய்ப்பு ஒன்றையே விற்க முடியும். நேர்மையான வளர்ப்பாளர்கள் இதனை வெளிப்படையாகவே கூறுவார்கள். “கட்டாயம் பரிசு எடுக்கும்” என்று உறுதி கூறுபவரிடம்தான் அதிக கவனம் தேவை.

எமக்குத் தெரிந்த சகோதரி ஒருவர் நகையை அடகு வைத்துக் கடுவன் குட்டி ஒன்றை வாங்கினார். பார்ப்பதற்குக் கம்பீரமான குட்டி. ஏழாம் மாதத்தில் மிருக வைத்தியரிடம் கொண்டு சென்றபோது அதற்கு ஒரு விதை கீழிறங்கவில்லை என்பது தெரிய வந்தது. இக்குறை உள்ள நாயைக் கண்காட்சியில் ஏற்பதில்லை. பரம்பரையாகத் தொடரக்கூடியது என்பதால் இனவிருத்திக்கும் பயன்படுத்தக் கூடாது. எட்டுக் கிழமையில் ஒரு வைத்தியர் தொட்டுப் பார்த்திருந்தால் அப்போதே சந்தேகம் வந்திருக்கும். நாய் இப்போது வளவைக் காக்கிறது, பிள்ளைகளுடன் நன்றாக ஒட்டிக்கொண்டது. காப்பு மாத்திரம் இன்னும் அடகிலேயே இருக்கிறது.

இதற்காகக் குட்டியில் பார்ப்பதற்கு எதுவுமே இல்லை என்று எண்ணிவிட வேண்டாம். குட்டியைவிட அதன் தாயையே முதலில் பாருங்கள். தாயைக் காட்ட மறுக்கும் இடத்தில் வாங்க வேண்டாம். தாய் ஆளைக் கண்டு பதுங்குகிறதா, பாய்கிறதா, அமைதியாக மணந்து பார்க்கிறதா என்பதில் குட்டியின் குணம் ஓரளவு தெரியும். தாய் தகப்பன் இரண்டிற்கும் இடுப்பு எக்ஸ்றே எடுத்த அறிக்கை உண்டா எனக் கேளுங்கள். ரொட்வைலர் குட்டியெனின் வாலைப் பாருங்கள். வாலை வெட்டிவிட்டு “இதுதான் ஷோ ஸ்டைல்” என்பார்கள். அவ்வினத்தின் இன்றைய சர்வதேச இலக்கணம் வெட்டப்படாத இயற்கையான வாலையே கேட்கிறது.

அடுத்தது பத்திரம். எமது நாட்டில் கென்னல் அசோசியேஷன் ஒவ் சிறீலங்கா என்ற அமைப்பு நீண்டகாலமாக இன நாய்களைப் பதிவு செய்து கண்காட்சிகளையும் நடத்தி வருகிறது. தாயும் தகப்பனும் பதிவு செய்யப்பட்டிருந்தால்தான் குட்டியையும் பதிவு செய்யலாம். தலைமுறைகளின் பெயர்கள் அடங்கிய வம்சப் பத்திரம் குட்டிக்கு இருக்க வேண்டும். உரிமை உங்கள் பெயருக்கு மாற்றப்பட வேண்டும். “பத்திரம் பிறகு வரும்” என்ற சொல்லை நம்பிக் காத்திருப்போர் பலர். தகப்பனின் பத்திரத்தைத் தொலைபேசியில் படமாகக் காட்டுவது குட்டியின் பத்திரம் ஆகாது. பத்திரம் இல்லாத குட்டி நல்ல குட்டியாக இருக்கலாம். ஆனால் அதற்குக் கண்காட்சி விலை கொடுக்கத் தேவையில்லை.

எமது பெண்களைப் பொறுத்தவரை இதில் இன்னொரு சிக்கல் உண்டு. போருக்குப் பின் தனித்து வாழும் பெண்கள் நாய் வாங்குவது பெரும்பாலும் காவலுக்காகவே. படலையில் ஆள் அசைந்தால் குரைக்க வேண்டும், இருட்டில் ஒருவன் வேலியோரம் நிற்கப் பயப்பட வேண்டும். அந்தத் தேவையின் நியாயத்தை யாரும் எமக்கு விளக்கத் தேவையில்லை. ஆனால் பகல் முழுவதும் சங்கிலியில் கட்டி, அந்நியரைக் கண்டால் சீறப் பழக்கிய நாய், கண்காட்சியில் முன்பின் தெரியாத நடுவரைத் தன் வாயைத் திறக்க விடுமா? கடிக்கப் பாயும் நாயை வெளியேற்றிவிடுவார்கள். மூன்றாம் கிழமைக்கும் பதினான்காம் கிழமைக்கும் இடைப்பட்ட காலத்தில் காணும் ஆட்களும் கேட்கும் சத்தங்களும்தான் குட்டியின் குணத்தைப் பெரிதும் தீர்மானிக்கின்றன. கண்காட்சிக்கு வளர்ப்பவர் அந்த நாட்களில் குட்டியைச் சந்தைக்கும் பஸ் தரிப்பிடத்திற்கும் தூக்கிச் செல்வார். (தடுப்பூசி முடியும்வரை நிலத்தில் விடக் கூடாது.) காவலுக்கும் கண்காட்சிக்கும் ஒரே நாய் முடியாது என்று கூற மாட்டேன். ஆனால் நாள்முழுதும் வேலைக்குப் போகும் ஒருவருக்கு அது இலேசான காரியமல்ல. உங்கள் தேவை காவல்தான் என்றால், அயல்வீட்டில் கிடைக்கும் ஊர்நாய்க் குட்டி ஒரு சதச் செலவுமின்றி அதனைச் செய்யும்.

செலவைப் பற்றியும் பேச வேண்டும். கண்காட்சிகளில் கிடைப்பவை பொதுவாகக் கிண்ணமும் நாடாவும்தான், பணமல்ல. பெரிய கண்காட்சிகள் பெரும்பாலும் தெற்கிலேயே நடக்கின்றன. யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு ஏறத்தாழ 400 கிலோமீற்றர். நாயை பஸ்ஸில் ஏற்ற மாட்டார்கள், வான் பிடிக்க வேண்டும். 2022 நெருக்கடிக்குப் பின் தீன், மருந்து விலைகள் எங்கே போயின என்பதை நீங்களே அறிவீர்கள். ஆறு கிழமை முதல் எட்டுக் கிழமைக்குள் தொடங்கி, பதினாறு கிழமை ஆகும்வரை பார்வோ, டிஸ்டெம்பர் நோய்களுக்கான ஊசிகளைத் தவணை தவறாது போட வேண்டும். இரத்த வயிற்றோட்டமாக வரும் பார்வோ சில நாட்களிலேயே குட்டியைக் கொண்டுபோய்விடும். விசர்நாய்த் தடுப்பூசியும் கட்டாயம். குட்டி விரைவாக வளரட்டும் என்று கல்சியம் மருந்தைத் தாமாகவே வாங்கிப் பருக்குவோர் உள்ளனர். பெரிய இனக் குட்டிகளுக்கு அளவுக்கு மிஞ்சிய கல்சியம் எலும்பைக் கெடுக்கும்.

பெட்டைக் குட்டியில் வருமானம் வரவும் காலம் எடுக்கும். முதற் பருவத்திலேயே சினைப்படுத்துவது தாய்க்கும் நல்லதல்ல, குட்டிக்கும் நல்லதல்ல. உடல் முதிர்ந்து, எக்ஸ்றே எடுத்து, அதன் பின்னரே சினைப்படுத்த வேண்டும். சினைக்காலம் சுமார் 63 நாட்கள். குட்டிகளை எட்டுக் கிழமையாவது வளர்த்த பின்பே விற்கலாம். அதுவரை வட்டி நிற்காது. 2018 இல் வரட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் பெண்கள் பட்ட நுண்கடன்களை ஒரு எல்லைவரை அரசு பொறுப்பேற்க வேண்டிய நிலை எப்படி வந்தது என்பது எமது கிராமங்களுக்கு நன்கு தெரியும். கடன்பட்டு இத்தொழிலைத் தொடங்க வேண்டாம் என்பதே என் கருத்து. கையில் மேலதிகமாகப் பணமும், நாயில் உண்மையான ஆசையும் உள்ளவர்கள் தாராளமாக வாங்கலாம்.

சில வளர்ப்பாளர்கள் பெட்டைக் குட்டியைக் குறைந்த விலைக்குத் தந்து, அது ஈனும் குட்டிகளில் சிலவற்றைத் தமக்குத் தர வேண்டும் என ஒப்பந்தம் எழுதுவார்கள். இது பிழையான ஏற்பாடல்ல. ஆனால் பத்திரம் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். வாசித்து விளக்கக்கூடிய ஒருவரைக் கூட்டிச் செல்லுங்கள். எத்தனை குட்டிகள், முதலில் தெரிவு செய்வது யார், எத்தனை ஈற்று வரை, நாய் சினைப்படாவிட்டால் அல்லது இறந்துவிட்டால் என்ன, வைத்தியச் செலவு யாருடையது, உரிமைப் பத்திரம் எப்போது உங்கள் பெயருக்கு வரும் என்பவை அதில் எழுதப்பட்டிருக்க வேண்டும். வாங்கிய மூன்று நாட்களுக்குள் உங்கள் மிருக வைத்தியர் குறை கண்டால் குட்டியைத் திருப்பி எடுக்க வேண்டும் என்ற ஒரு வரியையும் சேர்க்கச் சொல்லுங்கள். இருவரும் ஒப்பமிட்ட பிரதி ஒன்று உங்கள் கையில் வந்த பின்னரே பணத்தை எண்ணிக் கொடுங்கள்.