நெடுஞ்சாலை விலகிச் சென்ற ஊர்கள்

சிட்னியிலிருந்து மெல்பேர்ணுக்கு ஆகாயமார்க்கமாகச் செல்வோர் ஒன்றரை மணி நேரத்திற் சென்றடைவர். ஹியூம் நெடுஞ்சாலை வழியே காரிற் செல்வோருக்கு ஏறக்குறைய 880 கிலோமீற்றர். விடியற்காலையிற் புறப்பட்டால் இராப்போசனத்துக்குப் போய்ச் சேரலாம். நாமோ நண்பர் மூவருடன் இப்பிரயாணத்துக்கு மூன்று தினங்களை ஒதுக்கினோம். அந்நண்பர்கள் இளமையில் எம்முடன் ஒரே வகுப்பிற் பயின்று, பின்னர் சிட்னியிற் குடியேறியவர்கள். இத்தனை ஆண்டுகள் வாழ்ந்தும், இச்சாலையோரத்து ஊர்களிற் பெற்றோல் அடிப்பதற்கன்றி ஒருநாளேனும் இறங்கியதில்லை என்று அவர்களே கூறினர்.

அதற்குக் காரணம் உண்டு. முன்னாளில் இந்நெடுஞ்சாலை ஒவ்வோர் ஊரின் நடுத்தெருவாகவே சென்றது. லொறிகள் கடைவாசல்களை உரசிக்கொண்டு ஓடின. பின்னர் சாலையை இரட்டையாக்கி அகலித்தபோது ஊர்களைச் சுற்றிப் புறவழிகள் அமைக்கப்பட்டன. கண்டகாய் என்னும் ஊரை 1977 இலும், கோல்பேர்னை 1992 இலும், ஹோல்புறூக்கை 2013 இலும் சாலை விட்டு விலகிற்று. ஹோல்புறூக்கே கடைசி. ஊரவர்க்கு அமைதி கிடைத்தது. கடைக்காரர்க்கு வாடிக்கை போயிற்று.

கோல்பேர்ன் 1863 இல் நகரம் என்னும் தகுதி பெற்றது. அவுஸ்திரேலியாவின் உள்நாட்டில் அத்தகுதி பெற்ற முதலாவது ஊர் அதுவே. கம்பளி வியாபாரத்தாற் செழித்த இடமாதலின் 1985 இல் ஒரு செம்மறிக்கடாவின் உருவத்தைச் சீமெந்தினால் எழுப்பினர். உயரம் 15 மீற்றர்! புறவழி வந்தபின் கடாவைப் பார்ப்பார் குறைந்தனர். என் செய்வது? 2007 இல் அந்தப் பிரமாண்டமான பிராணியையே பெயர்த்தெடுத்துப் புதிய சாலையின் அருகே கொண்டுபோய் நிறுத்திவிட்டார்கள். சாலை ஊரிடம் வராவிடின் ஊர்தான் சாலையிடம் செல்லவேண்டும் போலும்.

யாஸ் என்னும் ஊரில் தேநீருக்காகத் தங்கினோம். அந்நாட்டுக் கிராமத்து வெதுப்பகங்களில் இறைச்சி அடைத்த பணியாரங்களே பிரதானம். எம்போன்ற மரக்கறிக்காரர்க்குக் கதியானது லாமிங்டன் என்னும் கேக். சொக்கலேற்றிற் தோய்த்து, தேங்காய்ப்பூவிற் புரட்டியெடுத்த அச்சதுரத் துண்டு நம்மூர்ச் சமையலறையை நினைவூட்டிற்று. அதில் முட்டை உண்டோ என்று நாம் வினவவில்லை.

ஏறக்குறைய எல்லா ஊர்களிலும் ஒரு போர் நினைவுச்சின்னம் உண்டு. 1914–1918 யுத்தத்தில் 60,000 இற்கு மேற்பட்ட அவுஸ்திரேலியர் மாண்டனர். அன்று அந்நாட்டின் சனத்தொகை ஐம்பது இலட்சத்தையேனும் எட்டவில்லை. இறந்தோர் அந்நிய மண்ணிலேயே அடக்கம் செய்யப்பட்டமையால், ஊரிலிருந்த தாய்மார்க்கு அந்தக் கல்லே கல்லறையாயிற்று. ஒரே குடும்பப் பெயர் இரண்டு மூன்று முறை வரும் இடங்களில் எம்மவரிடையே பேச்சு நின்றுவிடும்.

எனினும் எம்மை அதிக நேரம் நிறுத்திவைத்தது கண்டகாய்தான். ஊருக்கு 8 கிலோமீற்றர் இப்பால், சாலையோரத்தில், கட்டுச்சோற்றுப் பெட்டியின் மேல் அமர்ந்த ஒரு நாயின் சிலை இருக்கின்றது. பல சோடி எருதுகள் பூட்டிய வண்டிகளிற் கம்பளி ஏற்றிச் சென்ற அக்காலத்து வண்டிக்காரர்களையும், அவர்களுடைய பெட்டியைக் காத்த நாயையும் பற்றிய நாட்டுப்புறக் கதையின் சின்னம் இது. அவ்வூர்ச் சிற்பி பிராங்க் ருஸ்கோனி செய்த இச்சிலையை 1932 இல் நாட்டின் பிரதம மந்திரி ஜோசப் லயன்ஸ் அவர்களே வந்து திறந்துவைத்தார். இன்றும் பிரயாணிகள் வரிசையில் நின்று படம் எடுக்கின்றனர். நாமும் எடுத்தோம்.

ஊருக்குள் ஷெரிடன் வீதியில் இன்னொரு சிலை உண்டு. அதைக் காண வரிசை இல்லை. மரப்பட்டை ஓடமொன்றும் இரு மனிதரும் வெண்கலத்தில் நிற்கின்றனர். அவர்களின் வரலாறு இது:

ஆதியில் வெள்ளையர் இவ்வூரை முரம்பிட்ஜி ஆற்றின் தாழ்ந்த சமவெளியில் அமைத்தனர். அப்பிரதேசத்தின் பழங்குடியினராகிய விராட்ஜுரி மக்கள், அது வெள்ளம் பாயும் நிலம் என்று எச்சரித்தனர். கேட்பார் இல்லை. 1852 ஆம் ஆண்டு யூன் மாதத்து இரவொன்றில் ஆறு பெருகியது. ஏறக்குறைய 250 பேர் வாழ்ந்த ஊரில் மூன்றிலொரு பங்கினர் மாண்டனர். கூரைகளிலும் மரக்கிளைகளிலும் தொற்றிக்கொண்டு, குளிரில் விறைத்துக் கூக்குரலிட்டோரை யாறி, ஜாக்கி ஜாக்கி முதலான விராட்ஜுரி ஆடவர் மீட்டனர். யாறியின் ஓடம் ஆற்றோரத்து மரத்தின் பட்டையை உரித்துச் செய்த சிறு தோணி. ஒரு முறைக்கு ஓரிருவரையே ஏற்ற இயலும். மரங்களும் வீட்டுச் சட்டங்களும் உருண்டு வந்த அவ்வெள்ளத்தில் அவர் மீண்டும் மீண்டும் சென்று வந்தார். இவ்விருவராலும் உயிர் தப்பியோர் அறுபதுக்கு மேற்பட்டோர். தம் நிலத்தைப் பறித்துக்கொண்டவர்களையே அவர்கள் காப்பாற்றினர் என்பதை வாசக நேயர்கள் கருத்திற் கொள்ளவேண்டும்.

அதற்கு ஊரார் செய்த கைம்மாறு? எழுத்துப் பொறித்த மார்புத்தகடு ஒன்றும், ஊரவரிடம் ஆறு பென்ஸ் கேட்டுப் பெறும் உரிமையும். யாறி பின்னொருகால் அவமதிப்புக்கு உள்ளானதாகவும் கூறப்படுகின்றது. ஊர் மேட்டுநிலத்துக்கு மாறியது. வெண்கலச் சிலை எழுந்தது 2017 இல். வெள்ளம் வந்து 165 ஆண்டுகளின் பின், நாய்க்குச் சிலை வைத்து 85 ஆண்டுகளின் பின்.

இதுபற்றி நண்பரிடையே விவாதம் மூண்டது. "நாய் பொதுசனங்களின் கதை, அதில் யாருக்கும் அவமதிப்பில்லை. நீர் இரண்டையும் ஏன் ஒப்பிடுகிறீர்?" என்றார் ஒருவர். "ஒப்பிட்டது நானல்ல, இந்த ஊர்," என்றார் மற்றவர். எமது அபிப்பிராயம் பின்னவர் பக்கமே. எனினும், பிந்தியேனும் அச்சிலையை ஊரின் நடுவீதியிலேயே வைத்தார்களே என்பதையும் சொல்லவேண்டும். சிலையருகே ஒரு தந்தை தம் சிறு மகளுக்குக் கல்வெட்டை எழுத்துக் கூட்டி வாசிக்கக் கற்பித்துக்கொண்டிருந்தார். அவள் முடிக்கும்வரை நாமும் ஒதுங்கி நின்றோம்.

மறுநாள் ஹோல்புறூக். கடல் 200 கிலோமீற்றருக்கு அப்பால். ஊரின் நடுவே புற்றரையில் 90 மீற்றர் நீள நீர்மூழ்கிக் கப்பல்! இவ்வூரின் பழைய பெயர் ஜேர்மன்டன். யுத்தம் மூண்டதும் அப்பெயர் ஆகாததாயிற்று. துருக்கியப் போர்க்கப்பலொன்றை 1914 இல் மூழ்கடித்து விக்ரோறியாச் சிலுவை பெற்ற நீர்மூழ்கித் தளபதி நோர்மன் ஹோல்புறூக்கின் பெயரை 1915 இல் சூடிக்கொண்டனர். அத்தளபதி பின்னாளில் தம் பெயர்கொண்ட ஊரைக் காண இங்கிலாந்திலிருந்து வந்தும் இருக்கிறார். கடற்படை சேவையிலிருந்து நீக்கிய 'ஓட்வே' என்னும் கப்பலை ஊரார் விலைக்கு வாங்க முனைந்தபோது அவருடைய மனைவியார் ஒரு இலட்சம் டொலர் நன்கொடை அளித்தார். நீர்மட்டத்துக்கு மேலான பாகம் மட்டுமே இங்குள்ளது. நாம் சென்ற வேளை பாடசாலைச் சிறுவர் அதன்மேல் ஏறி ஓடிக்கொண்டிருந்தனர்.

ஓல்பரியில் முறே ஆற்றைக் கடந்தால் விக்ரோறியா மாநிலம். அப்பாலும் ஊர்கள் உண்டு. ஆயினும் நண்பர்கள் மறுநாள் வேலைக்குத் திரும்பவேண்டியிருந்தமையால், மெல்பேர்ண் வரை புறவழிகளிலேயே விரைந்தோம்.