கடலுக்கு அப்பால் போர்... கையில் ஓட்டு!

வட்டக்கோட்டை மதில்மேல் ஏறி நின்றால் காற்று ஆளையே தள்ளும். கன்னியாகுமரியிலிருந்து சுமார் 7 கி.மீ. தூரம்தான். 1741-ல் குளச்சலில் திருவிதாங்கூர் படையிடம் தோற்ற டச்சுப் படை இலங்கையிலிருந்து வந்தது. அதில் பிடிபட்ட டிலனாய்தான் பிறகு திருவிதாங்கூர் தளபதியாகி, இந்தக் கோட்டையைப் பலப்படுத்தினார். அயல்நாட்டுப் போர் இந்தக் கரைக்குப் புதிதல்ல!

ஆனால், அது நம் ஓட்டை மாற்றுமா? 2009-ஐ நினைத்துப் பாருங்கள். ஈழத்தில் இறுதிப்போர். இங்கே மாணவர்களும் வழக்கறிஞர்களும் வீதிக்கு வந்தார்கள். ஏப்ரல் 27-ல் அன்றைய முதல்வர் கருணாநிதி மெரினாவில் உண்ணாவிரதம் இருந்தார். 'தனி ஈழமே தீர்வு' என்று பிரசாரம் செய்தார் ஜெயலலிதா. மே 13-ல் வாக்குப்பதிவு. ஐந்தே நாளில், மே 18-ல், போர் முடிந்ததாக இலங்கை அறிவித்தது.

முடிவு? 39 தொகுதிகளில் தி.மு.க. - காங்கிரஸ் அணிக்கு 27. ஈழத்துக்காக ஓயாமல் குரல் கொடுத்த வைகோவே விருதுநகரில் தோற்றார். கன்னியாகுமரியில் தி.மு.க.வின் ஹெலன் டேவிட்சன் வென்றார். அதேநேரம் மணிசங்கர் அய்யர், ஈ.வி.கே.எஸ்.இளங்கோவன், தங்கபாலு என காங்கிரஸ் தலைவர்களும் தோற்றார்கள்.

அப்படியென்றால் மக்கள் கண்ணீர் பொய்யா? இல்லை. இருப்பது ஒரே ஓட்டு. அதில்தான் ஒரு ரூபாய் அரிசி, வேலை, கூட்டணி, உள்ளூர் வேட்பாளர் எல்லாமே அடக்கம். போதாக்குறைக்கு, இரண்டு அணியும் ஈழத்துக்காகப் பேசின. எதைப் பார்த்துப் பிரித்துப் போடுவது?

ஆனால், கதை அங்கே முடியவில்லை. 2013 மார்ச்சில் மாணவர்கள் மீண்டும் திரண்டார்கள். ஜெனீவா தீர்மான விவகாரத்தில் தி.மு.க. மத்திய ஆட்சியிலிருந்து விலகியது. 2014-ல் தமிழகத்தில் தனித்து நின்ற காங்கிரஸுக்கு ஓர் இடம்கூட இல்லை. அதற்கு ஈழம் மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால், கூட்டணி உடைந்ததில் அதற்குப் பெரிய பங்குண்டு.

ஆக, போர் பற்றிய நம் கோபம் ஓட்டுப்பெட்டியில் மெல்லத்தான் பேசும். கட்சிகளின் கணக்கில் உரக்கப் பேசும். ஆனால், அதற்குள் போர் முடிந்துவிடலாம். அதுதான் 2009-ன் வலி.

அடுத்தமுறை ஓட்டு கேட்டு வருபவரிடம் ரோடு, தண்ணீர் பற்றிக் கேளுங்கள். கூடவே, 'அந்தப் போரைப் பற்றி டெல்லியில் என்ன பேசுவீங்க?' என்றும் கேளுங்கள். தேர்தலுக்குப் பிறகு கேட்டால், சில நேரம் ரொம்பத் தாமதம்!